பாட்டைக் கெடுத்தவர்கள்: சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா,

1973இல் மேற்கு ஜெர்மனியில் வந்த ‘நொய் 2’ என்ற ரொக் இசைத்தட்டு போன வாரம்தான் என் கையில் சிக்கியது. நம்மூரில் இதைப் பற்றிப் பேச உங்களை விட்டால் ஆளில்லை. நொய் என்பது இரண்டே பேர். கிட்டார் மைக்கேல் ரோதர், டிரம் கிளவுஸ் டிங்கர். இருவரும் கொஞ்சக் காலம் கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மன் இசைக்குழுவில் வாசித்துவிட்டு வெளியே வந்தவர்கள்.

முதல் பாட்டு ‘ஃபூர் இமர்’ 11 நிமிடத்துக்கு மேல் போகிறது. டிரம் ஒரே அடி, கடைசிவரை அதேதான். பத்திரிகைக்காரர்கள் அதற்கு ‘மோட்டோரிக்’ என்று பெயர் வைத்தார்கள், டிங்கருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை. நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டே கேட்க வேண்டிய இசை என்கிறார்கள். நம்ம மலையில், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில் அப்படியொரு நேர் ரோட்டுக்கு நான் எங்கே போவது? பொடி மெனிக்கேயில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். ரயில் ஏற்றத்தில் தவழ, பாட்டு தன்பாட்டுக்கு முன்னே ஓடிவிட்டது. கடைசியில் தோட்டத்து லயன் வீட்டில் ராத்திரி படுத்துக்கொண்டு கேட்டபோதுதான் பிடிபட்டது. தேயிலை ஸ்டோரில் ராத்திரி முழுக்க கொழுந்து அரைக்கும் ரோலர் ஓடுமே, சத்தம் நின்றால்தான் நமக்கு முழிப்பு வரும். அந்த மாதிரி.

ஆனால் உங்களுக்கு எழுத வைத்தது இரண்டாம் பக்கம். பாதி வேலையிலேயே காசு தீர்ந்துவிட்டது. தட்டில் ஒரு பக்கம் காலி. கையில் இருந்ததோ 1972இல் வெளியிட்டு, கம்பெனி சரியாக விளம்பரம்கூடச் செய்யாமல் விட்ட ஒரு சின்ன இசைத்தட்டு: ஒரு பக்கம் ‘சூப்பர்’, மறுபக்கம் ‘நொய்ஷ்னே’. என்ன செய்தார்கள் தெரியுமா? அதையே பிளேயரில் போட்டு, வேகத்தை மாற்றி மாற்றிப் பதிவு செய்தார்கள்! உங்கள் பழைய பிளேயரில் தட்டு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்று மாற்ற 16, 33, 45, 78 என்று ஒரு நெம்பு இருக்குமே, அதே வித்தைதான். நான்கு நிமிட ‘நொய்ஷ்னே’ 78இல் இரண்டரை நிமிடத்தில் கீச்சிட்டு முடிகிறது. ‘கசெட்டோ’ என்று ஒரு துண்டு, கெசட்டில் ஓடவிட்டு இழுபட வைத்தது. ரீல் சிக்கினால் பதறிப்போய்ப் பென்சிலைத் தேடுகிற உங்களுக்கு நெஞ்சே வெடித்துவிடும்.

வாங்கியவர்களில் பலர் ஏமாற்று வேலை என்று கொதித்தார்கள். டிங்கரோ அதைக் கலை என்றே சொல்லிவந்தார். எனக்கென்னவோ இரண்டும் உண்மை என்றுதான் படுகிறது. காசில்லாமல் போனதால் செய்தார்கள், ஆனால் காது இல்லாதவன் செய்திருந்தால் ‘சூப்பர் 16’ வந்திருக்காது. 16இல் ஓடும்போது அந்த டிரம் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் இறங்குகிறது. 1976இல் ஜிம்மி வாங் யூ எடுத்த ‘மாஸ்டர் ஆஃப் த ஃப்ளையிங் கில்லட்டின்’ குங்பூ படத்தில், தலையைக் கொய்யும் ஆயுதத்தோடு குருட்டுக் கிழவன் வரும்போது பின்னால் ஒலிப்பது இதுதான். வீடியோ டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட நாட்களில் நீங்கள் இதைக் கேட்டிருக்கவும்கூடும், யாருடையது என்று தெரியாமல்.

அப்புறம் 1975இல் மூன்றாவது தட்டு, அத்தோடு பிரிவு. இருவருக்கும் ஒத்துவராததால் 2001 வரை ஒழுங்கான சிடியே வரவில்லை. அதுவரை திருட்டுப் பதிப்புதான் ஓடியது. (கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் ரெக்கோடிங் பார் நடத்தியவருக்கு இதை நான் எதற்கு விளக்குகிறேன்!)

பாட்டுகளைச் சித்தியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். வரிசையாகக் கேட்காதீர்கள். முதலில் சாதாரண ‘சூப்பர்’, உடனே 16, அப்புறம் 78. மற்றது நிதானமாக. ‘லீலா எங்கல்’ என்ற பாட்டில் டிங்கர் கத்துவது உங்களுக்குப் பிடிக்காது, அதை விட்டுவிடலாம்.

அந்தப் பிளேயர் பரணில்தானே கிடக்கிறது? தீபாவளிக்கு வரும்போது பெல்ட் வாங்கி வருகிறேன். 16 வேலை செய்தால் நம்ம பைலா பாடகர் ஏ. ஈ. மனோகரன் தட்டு ஒன்றை அதில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் துள்ளல் பாட்டு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்