வெள்ளெழுத்து

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. மூட்டுவலியும் பேத்தியின் காதுகுத்தும் சேர்ந்து பதில் எழுத விடவில்லை.

நம் கல்குவாரி அக்காவை நினைவிருக்கிறதா? 1991-இல் புதுக்கோட்டையில் நாம் நடத்திய அறிவொளி இயக்கத்தின் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு ஜல்லித் தூசி படிந்த கையோடு வந்து உட்காருவாரே, ‘ட’ எழுதச் சொன்னால் சிலேட்டே உடைகிற மாதிரி அழுத்துவாரே, அவர்தான். போன வாரம் வங்கியில் பார்த்தேன். பணம் எடுக்கும் சீட்டைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தவர், “டீச்சர், நீங்களே ரொப்பிடுங்க” என்றார். கையெழுத்தை மட்டும் தானே போட்டார், ஒவ்வோர் எழுத்தாக. பக்கத்தில் இருந்த கைரேகை மை டப்பாவைத் திரும்பியும் பார்க்கவில்லை. “படிக்கிறதெல்லாம் போயிருச்சு டீச்சர். பஸ் நம்பர் மட்டும் தெரியும்.”

மனசு கேட்கவில்லை. மருமகள் பி.எட். படிக்கிறாள், அவளுடைய நோட்டில் கல்விக்கான ஐ.நா. இலக்குகள் எல்லாம் இருந்தன. ராத்திரி உட்கார்ந்து படித்தேன். 1990-இல் தாய்லாந்தின் ஜோம்டியனில் உலக நாடுகள் கூடியபோது, பெரியவர்களின் எழுத்தறிவின்மையை 2000-க்குள் பாதியாக்குவது என்று பேச்சு. நாம் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தது அந்தக் காலம்தான். 2000-இல் செனகலின் டாக்கரில் கூடி, அவர்களின் எழுத்தறிவை 2015-க்குள் 50 சதவீதம் உயர்த்துவோம் என்றார்கள். ஆனால் புத்தாயிர வளர்ச்சி இலக்குகள் என்று வந்தவற்றில் தொடக்கக் கல்வி இருந்தது, ஆண் பெண் சமநிலை இருந்தது, பெரியவர்களுக்கென்று ஒன்றும் இல்லை. 2015-இல் வகுத்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில், கல்விக்கான நான்காவது இலக்கில் திரும்பச் சேர்த்தார்கள்: 2030-க்குள் இளைஞர் அனைவருக்கும் எழுத்தறிவு, பெரியவர்களில் ‘கணிசமானோருக்கு’. கணிசம் என்றால் எவ்வளவு? பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று கேட்டால், “வருவாங்க, வருவாங்க” என்கிற மாமா மாதிரி இருக்கிறது!

பள்ளிக்கூடத்துக்கு முதலிடம் கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. அக்காவின் பேத்தி நர்சிங் படிக்கிறாள். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் உலகத்தில் இன்னும் 70 கோடிக்கு மேல், அதில் பாதிக்கும் மேல் பெண்கள். வயசானவர்கள்தானே, கணக்கு தானாகத் தீர்ந்துவிடும் என்று காத்திருக்கிறார்களோ என்னவோ.

நாம் மட்டும் என்ன செய்தோம்? அன்றைக்கு எழுத்தோடு சேர்த்து அந்தப் பெண்கள் கற்றுக்கொண்ட சைக்கிளை யாரும் மறக்கவில்லை, பார்த்தாயா? லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள்; முன்கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே பிடித்துக்கொண்டவர்களும் உண்டு. தண்ணீர்க் குடத்துக்கும் வேலைக்கும் தினமும் அது வேண்டியிருந்தது. எழுத்து அப்படி வேண்டியிருக்கவில்லை. பாடநூல் முடிந்தபின் அவர்கள் கையில் நாம் கொடுத்தது சான்றிதழ்தான்.

இப்போது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எங்கள் தெருப் பள்ளியில் சாயங்காலம் வகுப்பு நடக்கிறது. அக்காவைக் கூப்பிட்டேன். “முதல்ல கண்ணாடி வாங்கித் தாங்க. அப்புறம் பாக்கலாம்” என்றார். எனக்கே அது தோன்றவில்லை பார். ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனை முகாமுக்குக் கூட்டிப் போகிறேன்.

உன்னிடம் அந்தப் பழைய பாடநூல் இருக்கிறதா? ‘பட்டா, படி’ என்று தொடங்குமே, அதுதான். இருந்தால் ஜெராக்ஸ் போட்டு அனுப்பு. எழுத்து கொஞ்சம் பெரிசாக வரட்டும்.

உன்
பழைய சைக்கிள் கூட்டாளி