கிராண்ட்செஸ்டரில் கோட்டை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த இங்கிலாந்துப் பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஒரே ஒரு வரிதான் நெருடியது. கேம்பிரிட்ஜை அடுத்த கிராண்ட்செஸ்டர் கிராமத்தை, 'செஸ்டர்' என்று முடிவதால் ரோமானியர் கோட்டை கட்டிய ஊர் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார்.

மான்செஸ்டர், வின்செஸ்டர் ஊர்களுக்கு அது பொருந்தும். படை முகாமைக் குறிக்கும் லத்தீன் 'காஸ்ட்ரா'வின் வழியில் வந்த வால் அது. இந்தக் கிராமமோ, இங்கிலாந்து மன்னர் வில்லியம் எடுக்கச் சொன்ன 1086-ம் ஆண்டு 'டூம்ஸ்டே' நிலக் கணக்கில் 'கிராண்டெசெத்தா' என்றே பதிவாகியிருக்கிறது. கிராண்டா ஆற்றங்கரையில் குடியேறியவர்கள் என்று பொருள். சாமர்செட், டார்செட் பெயர்களின் கடைசியில் இருப்பதும் இதே 'செட்'தான். நாளடைவில் அதன் பொருள் மறந்துபோக, காதுக்குப் பழகிய 'செஸ்டர்' அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், நிஜமான கிராண்டா கோட்டை பக்கத்திலேயே இருந்தது. பீட் என்ற துறவி 731-ல் முடித்த திருச்சபை வரலாற்றில் ஒரு சம்பவம் வருகிறது. ஈலி மடத்தை நிறுவிய அரசி எத்தெல்த்ரித் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, அவர் உடலை மாற்றி வைக்கக் கல் தேடி மடத்துத் துறவிகள் படகில் கிளம்புகிறார்கள். 'கிராண்டகேஸ்டிர்' (கிராண்டா கோட்டை) என்ற பாழடைந்த சிற்றூரின் மதிலோரம், மூடியோடு ஒரு வெள்ளைப் பளிங்குச் சவப்பெட்டி கிடைக்கிறது. அந்தப் பாழூர் இன்றைய கேம்பிரிட்ஜ். பெயர் ஒற்றுமையைப் பார்த்து அதைக் கிராமத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கேம்பிரிட்ஜின் கதை இன்னும் சுவை. கிராண்டா ஆற்றுப் பாலம் என்ற பெயர், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்ட நார்மானியர் நாக்கில் 'ர' உதிர்ந்து 'காண்டெபிரிட்ஜ்' ஆகி, பின்பு கேம்பிரிட்ஜ் ஆனது. அதன் பிறகுதான் ஆற்றுக்கே 'கேம்' என்று பெயர் வந்தது. ஆறு பாலத்துக்குப் பெயர் கொடுத்தது போய், பாலத்திடமிருந்து ஆறு பெயர் வாங்கிக்கொண்டது!

கட்டுரையாளரைக் குறை சொல்ல எனக்கும் தகுதியில்லை. மகள் அங்கே படித்தபோது கேம்பிரிட்ஜிலிருந்து புல்வெளி வழியே நடந்து போனேன். ஒரு பக்கம் மேயும் மாடுகள், மறுபக்கம் நீண்ட கழியை ஊன்றித் தள்ளும் தட்டைப் படகுகள். ஊருக்குள் நுழைந்ததும் நான் முதலில் தேடியது மதில் சுவரைத்தான்.

கட்டுரை நூலாகும்போது அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லுங்கள். ஆற்றின் மேல்பகுதியை இன்றும் கிராண்டா என்றுதான் அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்