மீட்கப்படும் குழந்தையையும் ஒரு பாத்திரமாக எழுதுங்கள்

குறைந்த செலவில் பாலைவன மீட்புக் கதைகளைப் படமாக்கும் தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், திரைக்கதை ஆசிரியர்கள் ஆகியோரின் மேலான கவனத்திற்கு,

வணக்கம்.

நீங்கள் எடுக்கும் கதையை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. பணியிலிருந்து விலகிய ஒரு ராணுவ வீரர், கடத்தப்பட்ட ஒரு குழந்தை, மணலுக்கு நடுவே ஒரு பாழடைந்த கட்டடம், இரண்டு ஜீப்புகள், விடிவதற்குள் முடிந்தாக வேண்டிய ஒரு கெடு. இந்த வகைப் படங்களை நான் விரும்பிப் பார்ப்பவள். பெரிய நட்சத்திரம் இல்லை, கிராபிக்ஸ் புகை செயற்கையாகத் தெரிகிறது, ஒரே மணல்மேட்டை நான்கு கோணங்களில் காட்டி நான்கு இடங்கள் என்கிறார்கள் என்றெல்லாம் நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. கையில் இருக்கும் பணத்துக்குள் ஒரு சண்டைக் காட்சியை எடுத்து முடிப்பது எத்தனை பேரின் உழைப்பு என்பது எனக்குத் தெரியும். அண்மையில் பார்த்த ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சிதான் இம்மடலை எழுத வைத்தது. படத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அதில் கண்ட குறை அந்த ஒரு படத்தோடு நிற்பதில்லை.

ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை, கைகளைப் பின்புறம் கட்டி, வாயில் ஒட்டுநாடா ஒட்டி, தகரக் கூரையிட்ட ஓர் அறையில் பகல் முழுவதும் அடைத்து வைத்திருக்கிறார்கள். நாயகன் காவலுக்கு நின்றவர்களை வீழ்த்திக் கதவை உடைத்து, நாடாவைப் பிரித்து, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஒரு பாறையின் நிழலில் இருவரும் ஒதுங்குகிறார்கள். நாயகன் இடுப்பிலிருந்த குடுவையைத் திறந்து, தன் கைக் காயத்தைத் தண்ணீரால் கழுவுகிறார். மிச்சத்தைத் தானே குடிக்கிறார். காலிக் குடுவையை மணலில் எறிந்துவிட்டுத் தொலைநோக்கியை எடுக்கிறார். சிறுமி அதே சட்டகத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தாகமாக இருக்கும் என்பது நாயகனுக்குத் தோன்றவில்லை. அவரை எழுதியவருக்கும், இயக்கியவருக்கும், அந்தக் காட்சியைத் தொகுப்பறையில் பலமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியவர்களுக்கும் அது தோன்றவில்லை.

இதைச் சிறு கவனக்குறைவு என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. கடும் கோடையில் பாலைவன மணலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடும். குழந்தைகளின் உடல் எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோலின் பரப்பு பெரியவர்களுக்கு இருப்பதைவிட அதிகம், வியர்ப்பதோ குறைவு. எனவே சுற்றிலும் உள்ள காற்று உடலைவிடச் சூடாக இருக்கும்போது அவர்களின் உடல் பெரியவர்களின் உடலைவிட விரைவாகச் சூடேறும். வெயிலில் நிறுத்திய, கண்ணாடி ஏற்றிய வாகனத்தின் உள்வெப்பம் பத்தே நிமிடத்தில் சுமார் 10 டிகிரி உயர்ந்துவிடும். அப்படிப்பட்ட வாகனங்களின் பின்பகுதியில்தான் நீங்கள் குழந்தைகளைப் போர்வைக்கு அடியில் கிடத்துகிறீர்கள். அடுத்த காட்சியில் அவர்கள் உதடு வறளாமல், தலை கலையாமல், கால் தடுமாறாமல் இறங்கி ஓடுகிறார்கள். நாயகனின் புருவத்தில் வழியும் ரத்தத்துக்கு ஷாட்டுக்கு ஷாட் தொடர்ச்சி பார்க்கிறவர்கள், அந்தப் பிள்ளையின் உடலுக்கு ஏன் பார்ப்பதில்லை?

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மீட்கப்படும் குழந்தையையும் ஒரு பாத்திரமாக எழுதுங்கள். இன்றைய உங்கள் திரைக்கதைகளில் குழந்தை இருக்கும் இடத்தில் ஒரு வைரப் பெட்டியை வைத்தாலும் ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டியிராது. பெட்டியும் கடத்தப்படும், தோளில் தூக்கப்படும், கடைசியில் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்.

செலவு என்ற பதிலை நான் எதிர்பார்க்கிறேன். அந்தப் பதில் இங்கே பொருந்தாது என்பதைப் பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் பாலைவனத்தைத் தேர்ந்தெடுப்பதற்கே சிக்கனம்தான் காரணம்: அரங்கம் போட வேண்டாம், கூட்டத்தை ஒழுங்குபடுத்த வேண்டாம், ஒளிக்குச் சூரியன் இருக்கிறது. அந்தச் சிக்கனத்தில் தவறேதும் இல்லை. 1971-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தொலைக்காட்சிக்காக எடுத்த ‘டூயல்’ படத்தில் கலிபோர்னியாவின் வறண்ட நிலச் சாலைகளும், ஒரு காரும், ஒரு பழைய லாரியும், பயந்துபோன ஒரு மனிதரின் முகமும்தான் மூலதனம். படப்பிடிப்பு ஏறத்தாழ இரண்டே வாரத்தில் முடிந்தது. முகத்தைக் காட்டுவதற்குப் பணம் ஆகாது. வெடிக்கும் ஒரு ஜீப்புக்கு ஆகும் செலவில், ஒரு குழந்தையின் முகத்தில் நிற்கும் எத்தனையோ க்ளோசப்புகளை எடுத்துவிடலாம்.

இன்னும் சொல்லப்போனால், இந்தக் கதையின் ஆகச் சிறந்த காட்சியைத்தான் நீங்கள் ஒவ்வொரு முறையும் எடுக்காமல் விடுகிறீர்கள். கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வரும் நாயகன் யார் என்பது பார்வையாளராகிய எனக்குத் தெரியும். உள்ளே கட்டப்பட்டிருக்கும் குழந்தைக்குத் தெரியாது. அவளுக்கு அவர் துப்பாக்கி ஏந்திய இன்னோர் அந்நியர். அவள் அலறலாம், கடிக்கலாம், கட்டிலுக்கடியில் ஒடுங்கிக்கொள்ளலாம், தனக்குச் சோறு போட்ட ஒரு காவலாளியின் பின்னால்கூடப் போய் ஒளிந்துகொள்ளலாம். வெளியே ஆட்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் அந்த இரண்டு நிமிடங்களில், தன்னை நம்பும்படி ஒரு குழந்தையிடம் அந்த மனிதர் என்ன சொல்வார்? அவள் அம்மா அவளைக் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்வாரா? துப்பாக்கியைக் கீழே வைப்பாரா? அப்படி வைத்தால் அவருக்கு என்ன ஆகும்? நீங்கள் தேடி அலையும் பதற்றம் முழுவதும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் படங்களிலோ நாடாவைப் பிரித்த மறு நொடியே சிறுமி அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள்.

மீட்புக்குப் பிந்தைய நேரமும் அப்படித்தான் வீணாகிறது. இத்தகைய அதிர்ச்சியைக் கடந்து வந்த குழந்தைகள் பேச்சற்றுப் போவதும், தூங்க அஞ்சுவதும், விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பி வருவதும், பெற்றோரை ஒரு கணமும் பிரிய மறுப்பதும் மனநல மருத்துவர்கள் நன்கறிந்தவை. நீங்கள் காட்டுவதோ ஹெலிகாப்டரை நோக்கி ஓடும் ஒரு புன்னகை.

வசனமே இல்லாமல் ஒரு குழந்தையைப் பாத்திரமாக்க முடியும் என்பதற்கு 1921-இல் வெளிவந்த சார்லி சாப்ளினின் ‘தி கிட்’ நூறாண்டு தாண்டிய சான்று. அநாதை விடுதிக்காரர்கள் சிறுவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும்போது, அவன் இரு கைகளையும் நீட்டிக் கதறுகிறான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் சாப்ளின் கூரை விட்டுக் கூரை தாவி ஓடுவது நமக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. துரத்தலும் தாவலும் உங்கள் படங்களிலும் உண்டு. எதற்காகத் தாவுகிறார்கள் என்பதைக் காட்டும் அந்த முகம் இல்லை.

அந்தச் சிறுவனாக நடித்த ஜாக்கி கூகன் சம்பாதித்த பெரும் பணத்தை அவருடைய தாயும் மாற்றாந்தந்தையும் செலவழித்துவிட்டதும், அவர் 1938-இல் வழக்குத் தொடுத்ததும், அதன் விளைவாக 1939-இல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்த வரலாறுதான். இந்தியாவிலும் ஒரு குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேலோ, ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. மணல் நடுவே, சூரியன் சாய்வதற்குள் முடிக்க வேண்டிய காட்சி ஒன்றில், கை கட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு அந்த மணிக்கணக்கை யார் பார்க்கிறார்கள்? திரையில் தண்ணீர் கொடுக்க மறந்தவர்கள் படப்பிடிப்புத் தளத்தில் மறந்திருக்க மாட்டார்கள் என்று நம்பவே விரும்புகிறேன். ஆனால் அந்த நம்பிக்கைக்கு உங்கள் படம் எனக்கு எந்தக் காரணத்தையும் தரவில்லை.

சொல்ல வந்ததோடு சேர்ந்தே இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. கடத்துபவர்கள் எப்போதும் முகத்தைத் துணியால் மூடிய பாலைவனத்து மனிதர்களாகவே இருக்கிறார்கள். வழி தவறி வந்தவருக்குத் தண்ணீரும் தங்க இடமும் தருவதைக் கடமையாகக் கொண்ட ‘பெதுவின்’ என்னும் அரபுப் பாலைவன நாடோடி மக்களைப் பற்றி உலகம் அறிந்ததில் நூற்றில் ஒரு பங்குகூட உங்கள் கதைகளில் இல்லை. ஜோர்டானின் வாடி ரம் போன்ற இடங்களில் படக்குழுக்களுக்கு வழிகாட்டிகளாகவும் ஓட்டுநர்களாகவும் உழைப்பவர்கள் அவர்களே. குழந்தைகளைத் தூக்கிச் செல்பவர்களில் பெற்றோரும் உறவினருமே மிகப் பலர். ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் எல்லை கடந்து கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்புவதற்கென்றே 1980-இல் ஹேக் உடன்படிக்கை உருவானது. கடத்தியவர் தன் சொந்தத் தகப்பனாக இருந்தால் மீட்க வந்தவரோடு அந்தக் குழந்தை போவாளா என்ற கேள்விக்குள் ஒரு முழுப் படம் இருக்கிறது. அதை எடுக்க இரண்டாவது ஜீப்கூடத் தேவையில்லை.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்: மீட்கப்படும் குழந்தையையும் ஒரு பாத்திரமாக எழுதுங்கள். திரைக்கதை எழுதும்போது அடைத்து வைக்கப்பட்ட அறையை ஒரு முறையாவது உள்ளிருந்து, அந்தப் பிள்ளையின் கண் உயரத்தில் இருந்து எழுதிப் பாருங்கள். அவளுக்குப் பசி, தாகம், கோபம், பிடிவாதம், தப்பிக்க ஒரு சொந்த யோசனை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றையாவது கொடுங்கள். வெயிலில் அவளாக நடிக்கும் பிள்ளைக்கு நிழலும், மணிக்கணக்கைப் பார்க்கும் பொறுப்பான ஒருவரும் தளத்தில் இருப்பதை உறுதிசெய்யுங்கள். நான் குறிப்பிட்ட படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலில், முகமூடி அணிந்து ஒரே காட்சியில் செத்து விழும் அடியாட்களுக்கெல்லாம் பெயர் இருந்தது. அவளுக்கு எதிரே ‘சிறுமி’ என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அடுத்த படத்தில் அவளுக்கு ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரை நாயகன் ஒரு முறையாவது கூப்பிடும்படி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் படங்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஒரு ரசிகை