டப்ளின் தட்டச்சர்களைப் பற்றிப் பேச உதவியவர்களுக்கு

வாசகர் வட்டத்தில் அயர்லாந்து விடுதலைப் போரின் பெண் உளவாளிகளைப் பற்றி நான் பேசியது நன்றாக இருந்ததென்று பலர் சொன்னீர்கள். அந்தப் பாராட்டில் பாதி வேறு சிலருக்குப் போகவேண்டியது.

முதல் நன்றி அயர்லாந்து ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு. 1947 முதல் 1957 வரை போராளிகளிடம் வாங்கிய 1,773 வாக்குமூலங்களை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். லில்லி மெர்னின் தன் கதையைத் தானே சொல்வது அங்கேதான். டப்ளின் கோட்டையில் பிரிட்டிஷ் ராணுவத்துக்குத் தட்டச்சர். அடித்ததன் நகல் போராளிகளின் உளவுத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் ஆட்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. கிளான்லிஃப் சாலையில் ஒரு வீட்டுச் சாவி அவரிடம் உண்டு, போவார், அங்கிருந்த இயந்திரத்தில் அடிப்பார், வைத்துவிட்டு வந்துவிடுவார், அவ்வளவுதான்.

அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் தெரு அக்காவுக்கு அடுத்த நன்றி. ஒரே முறை பயன்படுத்திய கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் கடிதத்தையே படித்துவிடலாம் என்று செய்து காட்டினாரே, கூட்டம் வாய் பிளந்தது அதற்குத்தான்.

அயர்லாந்தின் கார்க் நகரில் நர்ஸாக இருக்கும் தோழி, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு ஊர்ப் பெயர்களை எல்லாம் சொல்லிச் சொல்லிக் குரல் பதிவாக அனுப்பினாள். ஜோசஃபின் பிரவுனைப் பற்றி முதலில் சொன்னதும் அவள்தான். கார்க்கில் பிரிட்டிஷ் ராணுவத்தின் விக்டோரியா படைமுகாமில் வேலை பார்த்த விதவை, மகனோ வேல்ஸில் மாமியார் வீட்டில், நீதிமன்றம் போயும் கிடைக்கவில்லை. போராளிகள் 1920-இல் பையனைக் கடத்திவந்து அவரிடம் சேர்த்தார்கள், அவர் முகாமின் ரகசியங்களைக் கொடுத்தார், அப்புறம் கடத்தலை முன்னின்று நடத்திய ஃபுளோரன்ஸ் ஓ'டோனஹியூவையே 1921-இல் மணந்துகொண்டார். சினிமாவில் வந்தால் நம்பமாட்டோம்.

என்னோடு சண்டை போட்ட நண்பருக்கும் நன்றி. 1920 நவம்பர் 21 காலையில் போராளிகள் பிரிட்டிஷ் அதிகாரிகளைத் தங்குமிடத்திலேயே சுட்டுக் கொன்றதில் லில்லி கொடுத்த முகவரிகளுக்கும் பங்குண்டு, அதை விழுங்கிவிட்டு வீரக்கதை பேசாதே என்றார். சரிதான், சேர்த்துக்கொண்டேன், பேச்சு கொஞ்சம் கனத்தது, அது தேவைதான்.

டீயும் சுண்டலும் கொண்டுவந்தவர்களுக்கும் நாற்காலி தூக்கியவர்களுக்கும் நன்றி. 1916 டப்ளின் எழுச்சியில் துப்பாக்கியோடு சண்டையிட்டுக் குண்டடி பட்ட மார்கரெட் ஸ்கின்னிடருக்கு, படைவீரர் என்றால் ஆண்தான் என்று சொல்லி 1925-இல் ஓய்வூதியம் மறுத்து, 1938-இல்தான் கொடுத்தார்கள். அந்த ஓய்வூதிய ஆவணங்களை அடுத்த கூட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிக்கு இப்போதே நன்றி சொல்லிவைக்கிறேன்.