தொட்டியில் மறுபடி தண்ணீர் நிரப்ப வைத்தவர்களுக்கு

எதிர்வீட்டு அக்காவுக்கும் அவர் மகனுக்கும், தாழங்குடா அண்ணனுக்கும், தலைமையாசிரியர் ஐயாவுக்கும், மஞ்சக்குப்பம் வளர்ப்பு மீன்கடை அண்ணனுக்கும், நெல்லித்தோப்புத் தம்பிக்கும் வணக்கம்.

பொங்கல் கழிந்த மறுவாரம் என் மீன் தொட்டியில் ஏஞ்சல் என்னும் அலங்கார மீன்கள் முட்டையிட்டன. உங்கள் வீடுகளுக்கே வந்து இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களில் பலருக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. யார் யார் செய்த உதவியால் இது நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றுக்குத் தப்பினோம் என்று மூச்சுவிட்ட நேரத்தில் பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. டிசம்பர் 2 அன்று பெண்ணையாறு எங்கள் ஊர் குண்டு உப்பலவாடிக்குள் வந்துவிட்டது. என் ஏழு தொட்டிகளும் கீழ்த்தளத்தில் இருந்தன. செம்மண் நிறத் தண்ணீர் மேசை உயரத்துக்கு ஏறும் முன் கைக்குக் கிடைத்த மீன்களை நான்கு வாளிகளில் அள்ளிக்கொண்டு எதிர்வீட்டு மாடிக்கு ஓடினேன்.

அக்கா, உங்கள் வீட்டு அரிசி மூட்டையே நனைந்து கிடந்தது. அந்த நிலையிலும் வாளிகளுக்கு மாடி அறையில் இடம் ஒதுக்கினீர்கள். மின்சாரம் இல்லாததால் ஏர் பம்ப் ஓடவில்லை. உங்கள் மகன் குவளையில் தண்ணீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப ஊற்றிக்கொண்டே இருந்தான். அப்படி ஊற்றினால் காற்று கலக்கும் என்று ஒரு முறைதான் சொன்னேன். இரண்டு இரவுகள் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை விட்டுவிட்டுத்தான் தூங்கினான். தாழங்குடா அண்ணன் தன் வலைகளை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டு நின்றார். அவர்தான் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டிகள் இரண்டைத் தோளில் சுமந்து, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்து கொடுத்தார். வாளி நெரிசல் குறைந்தது அதனால்தான்.

அப்படியும் ஏஞ்சல்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஐந்து கோரிடோராஸ் மட்டும் பிழைத்தன. மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியாகவும் சுவாசிக்கக்கூடிய மீன் அது. ஏஞ்சல்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒன்பது ஆண்டுகள் என் கையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வம்சம் இரண்டே நாளில் போய்விட்டது.

ஒன்றை இங்கே உண்மையாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்துக்கு முன்பே என் ஆர்வம் வற்றத் தொடங்கியிருந்தது. ஏழு தொட்டிகளுக்கும் தண்ணீர் மாற்றியே ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன. உட்கார்ந்து மீனைப் பார்த்து மாதக்கணக்காகியிருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு தொட்டிகளைக் கவிழ்த்து மாடியில் அடுக்கிவிட்டேன். ஐந்து கோரிடோராஸ்களையும் கடையில் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

தலைமையாசிரியர் ஐயா அப்போதுதான் வந்தார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. மாடிக்குப் போய்த் தொட்டிகளை எண்ணிவிட்டு, "ஆறைக் கொடுத்துவிடு, ஒன்றை வைத்துக்கொள். ஒரு மாதம் மீன் வாங்காதே. தினமும் பத்து நிமிடம் அதன் முன்னால் உட்கார்" என்றார். ஐயா, மீன் வளர்ப்பில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே சிறந்தது இதுதான். மனம் சலிக்கும்போது புது மீனும் புதுத் தொட்டியும் வாங்கச் சொல்பவர்கள்தான் அதிகம். அது சுமையைக் கூட்டுமே தவிர ஆசையைக் கூட்டாது.

மஞ்சக்குப்பம் அண்ணன் தன் கடையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் (தண்ணீரை வடிகட்டும் பஞ்சு) ஒன்றைக் கழற்றி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கொடுத்தார். பார்ப்பதற்குப் பழுப்பேறிய அழுக்குப் பஞ்சு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அதில்தான். புதுத் தொட்டியில் அது தானாக உருவாக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். "குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதே, குளோரின் கொன்றுவிடும்" என்று மூன்று முறை எச்சரித்தார். பணம் வாங்கவில்லை. ஏஞ்சல் கேட்டதற்கு, "முதலில் தண்ணீர் பழகட்டும்" என்று வெறுங்கையோடு அனுப்பினார். விற்பனையை விட்டுக்கொடுத்து என் தொட்டியைக் காத்த கடைக்காரர் அவர்.

நெல்லித்தோப்புத் தம்பி, உனக்கு நான் 2022இல் எட்டுக் குஞ்சுகள் கொடுத்தது எனக்கு மறந்தே போயிருந்தது. நீ மறக்கவில்லை. கல்லூரி விடுமுறை நாளில், புதுச்சேரியிலிருந்து கடலூர் பஸ்ஸில் மடியில் பையோடு வந்தாய். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் காற்று, சுற்றிலும் ஈரத்துண்டு. உள்ளே ஆறு இளம் ஏஞ்சல்கள். "உங்கள் மீனின் பேரப்பிள்ளைகள் அண்ணா" என்றாய். அவற்றின் மேல் துடுப்பில் என் பழைய ஆண் மீனுக்கு இருந்த அதே கருங்கோடு. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. போய்விட்டது என்று நான் அழுத வம்சம் உன் வீட்டில் நலமாக இருந்திருக்கிறது.

அந்த ஆறு மீன்களில் இரண்டுதான் இப்போது ஜோடி சேர்ந்திருக்கின்றன. முதல் முறை இட்ட முட்டைகளை அவையே தின்றுவிட்டன. இளம் ஜோடிகளுக்கு அது வழக்கம்தான். இரண்டாம் முறை, கசகசாவை ஒட்டிவைத்தது போல இலை முழுக்க வரிசை வரிசையாக முட்டைகள். தாயும் தகப்பனும் மாறி மாறி நின்று துடுப்பால் விசிறின. வெளுத்துப் பூஞ்சை பிடித்தவற்றை வாயால் கொத்தி எடுத்தன. மூன்றாம் நாள் இலையெங்கும் நுண்ணிய வால்கள் துடித்தன. அடுத்த வாரம் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும், உப்புத் தண்ணீரில் பொரித்த ஆர்ட்டீமியா என்னும் நுண்ணிய இறால் வகையைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். தின்ற குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தெரிந்தது. அன்று பத்து நிமிடம் என்று உட்கார்ந்தவன் இரவு சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி. குஞ்சுகள் ஒரு ரூபாய் நாணய அளவு வளர்ந்ததும் சொல்லி அனுப்புகிறேன். முதல் பை அக்கா மகனுக்கு. அவனுக்காக ஒரு தொட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். அண்ணன் கொடுத்த பஞ்சிலிருந்து ஒரு துண்டும் அவனுக்கு உண்டு.

என்றும் நன்றியுடன்,
உங்கள் குண்டு உப்பலவாடித் தம்பி,
கடலூர்