வெட்டுவதற்கு முன்பே பார்த்துவிடு

அன்புள்ள சுந்தரம்,

உன் மைத்துனருக்கும் மேல்தாடையில்தான் புற்றுநோய் என்று எழுதியிருந்தாய். அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டதென்றால், செயற்கைப் பல் நிபுணரைப் பார்த்தாயிற்றா? அதைக் கேட்கத்தான் உடனே எழுதுகிறேன். வெட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. முன்கூட்டியே வாயை அச்சு எடுத்துவைத்தால்தான், வெட்டியதால் அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், விழும் ஓட்டையை அறுவை மேசையிலேயே ஒரு செயற்கைத் தட்டு பொருத்தி மூட முடியும்.

எங்கள் அண்ணனுக்கு அப்படித்தான் செய்தார்கள். ஒரு வாரம்போலக் கழித்து முதல் தட்டைக் கழற்றினார்கள். அடுத்ததை மாட்டும்வரை வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பே இல்லை. குடித்த கஞ்சி மூக்கு வழியாக வந்தது. பேச்சில் ‘ப’ எல்லாம் ‘ம’ ஆனது; ‘த’ எல்லாம் ‘ந’ ஆனது. பேத்தியைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டார், ‘மாம்மா’ என்று கேட்டது. குழந்தை சிரித்துவிட்டது. அதன் பிறகு எதுவானாலும் சிலேட்டில்தான் எழுதிக்காட்டினார். புதுத் தட்டை மாட்டியதும் ‘பாப்பா’ ஏறக்குறைய பழையபடி வந்தது. “இனித் திட்டவும் ஆரம்பித்துவிடுவார்” என்றார் மதினி.

அதோடு முடிந்துவிடாது. புண் ஆற ஆறச் சதை சுருங்கும், தட்டு தளரும். திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். நிலையான தட்டு, கதிர்வீச்செல்லாம் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான். கதிர்வீச்சில் வாய் வறளும், தாடை இறுகும். அண்ணன் ஐஸ்கிரீம் குச்சிகளைப் பற்களுக்கிடையே அடுக்கி, மெல்ல ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைத் திறந்து பழகினார். அதில் சோம்பல் கூடாது. வாய் திறக்காவிட்டால் தட்டை மாட்டுவதே பெரும்பாடு. சாப்பிட்டதும் கழற்றிக் கழுவ வேண்டும், ஆனால் வெந்நீர் ஆகாது; தட்டின் அக்ரிலிக் பிளாஸ்டிக் வளைந்துவிடும். கதிர்வீச்சு பட்ட தாடையில், புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பல் பிடுங்க விடாதே.

உனக்குப் பிடித்த உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃபிராய்டுக்கும் இதே இடத்தில்தான் நோய். 1923இல் வியன்னாவில் தாடையை வெட்டினார்கள். 1939இல் இறக்கும்வரை 30க்கும் மேற்பட்ட அறுவைகள். அவர் வீட்டில் அந்தச் செயற்கை அண்ணத்துக்கு ‘அரக்கன்’ என்று பெயராம். அண்ணனிடம் சொன்னேன். “என்னுடையது அவ்வளவு மோசமில்லை” என்றார்.

மைத்துனர் புகையிலையை விட்டாரா? அதை முதலில் எழுது.

அன்புடன்,
ராமு