ஜன்னலில் கேட்ட முதல் கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைக்குப் பள்ளி தேடும்போது பெற்றோர் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் வந்திருந்தது. கல்வித்தரத்துக்கு முதலிடம், நல்ல ஆசிரியர்களுக்கு இரண்டாமிடம். படித்துவிட்டுக் கொஞ்சம் சிரித்தேன். இருபத்தாறு ஆண்டுகள் ஒரு பள்ளி அலுவலகத்தில் சேர்க்கை விண்ணப்பம் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். வந்ததும் கல்வித்தரத்தைப் பற்றிக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பெரும்பாலும் முதல் கேள்வி, "பள்ளி எத்தனை மணிக்கு விடும்?" என்பதுதான். வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது தெரியாமல் மேற்கொண்டு எதைக் கேட்டும் பயனில்லை. மூன்று மணிக்கு விட்டுவிட்டால் அவர் வீடு திரும்பும் ஐந்தரை வரை பிள்ளை எங்கே இருக்கும்? அடுத்து, பேருந்து எங்கே நிற்கும், அக்கா படித்தால் தம்பிக்கு இடம் உண்டா, கழிப்பறையைப் பூட்டி வைப்பீர்களா. இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டவர்கள் அநேகமாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோர். அப்புறம், பின்னால் நிற்பவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, "இங்கே எந்த மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். "உங்கள் பிள்ளை மாதிரிதான்." சிலர் நிம்மதியாகப் போனார்கள். சிலருக்கு முகம் சுருங்கியது.

நான் ஜன்னலில் பார்த்ததை அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் இரண்டு ஆய்வாளர்கள் கணினியில் பார்த்திருக்கிறார்கள். அங்குள்ள பள்ளிகளின் விவரங்களை ஓர் இணையதளத்தில் போட்டு, வருகிறவர்கள் எந்தப் பக்கத்தை முதலில் திறக்கிறார்கள் என்று கவனித்தார்கள். முடிவுகள் 2002இல் வெளிவந்தன. நேரில் கேட்டால் எல்லோரும் பாடம், ஆசிரியர் என்றுதான் சொல்வார்கள். கூடப் படிக்கும் பிள்ளைகள் என்ன இனம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தனியாக உட்கார்ந்து தேடும்போது, மாணவர்கள் யார் யார் என்று காட்டும் பக்கத்துக்குத்தான் விரல் சீக்கிரம் போனது.

பெற்றோர் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கணக்கெடுக்க வருகிறவர் கேட்கும்போது நாம் ஒரு நல்ல பெற்றோர் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்கிறோம். ஜன்னலில் நிற்கும்போது நாளைக் காலை ஏழரை மணி ஞாபகத்துக்கு வருகிறது. இரண்டும் ஒரே ஆள்தான்.

நானே மாட்டிக்கொண்ட கதையும் உண்டு. என் மகன் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் தொலைபேசியில் கருத்துக் கேட்டார்கள். பொதுவாகப் பள்ளிகள் எப்படி இருக்கின்றன என்றதற்கு, "ரொம்ப மோசம்" என்றேன். உங்கள் மகன் படிக்கும் பள்ளி? "அது பரவாயில்லை, நல்ல பள்ளிதான்." தொலைபேசியை வைத்த பிறகுதான் உறைத்தது. மற்ற பள்ளிகள் மோசம் என்று எனக்கு எப்படித் தெரியும்? எதற்குள்ளும் நான் கால் வைத்ததில்லை. செய்தித்தாளில் படித்ததுதான், கோபிக்காதீர்கள், உங்களுடையதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது என் ஒருத்தியின் கோளாறு என்று நினைத்திருந்தேன். ஃபை டெல்டா காப்பா என்ற கல்வியாளர் அமைப்பு 1969 முதல் அமெரிக்காவில் நடத்திவரும் கருத்துக்கணிப்பைப் பற்றிப் பின்னால் படித்தபோது ஆறுதலாக இருந்தது. மாணவர்களுக்கு ஏ, பி, சி என்று போடுவது போலவே பள்ளிகளுக்கும் மதிப்பெண் எழுத்துப் போடச் சொல்லி மக்களைக் கேட்கிறார்கள். நாட்டின் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் மதிப்பெண் குறைவு. தங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு அதைவிடக் கூடுதல். தங்கள் சொந்தப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு இன்னும் கூடுதல். திரும்பத் திரும்ப இப்படித்தான் வருகிறது. ஆகவே "பள்ளிகள் மீது மக்கள் நம்பிக்கை இழந்துவிட்டார்கள்" என்று யாராவது தலைப்புப் போட்டால், எந்தக் கேள்விக்கு வந்த பதில் அது என்று எனக்கு உடனே தெரிந்தாக வேண்டும்.

விருப்பப் பட்டியல் விவகாரம் இன்னும் சிக்கல். மூன்று பள்ளிகளின் பெயரை வரிசைப்படுத்தி எழுதித் தரும் படிவம் ஒன்று எங்களிடம் இருந்தது. முதலில் எதை எழுதுவது என்று என்னிடமே கேட்பார்கள். நானும் உண்மையைச் சொல்வேன்: பிடித்ததை எழுதாதீர்கள், கிடைக்கக்கூடியதை எழுதுங்கள். எல்லோருக்கும் பிடித்த பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய பள்ளியும் அதை முதலில் எழுதியவர்களால் அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த குடும்பங்கள் கணக்குப் போட்டு எழுதின. தெரியாதவர்கள் மனதில் இருந்ததை எழுதி, மூன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள். ஆண்டு முடிவில் அதே படிவங்களை எண்ணி, பெற்றோர் அதிகம் விரும்பிய பள்ளி இது என்று மேலே அறிக்கை போகும். என் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறேன். அதில் எத்தனை விருப்பம் நான் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

பாஸ்டன் நகரப் பள்ளிகளில் வெகுகாலம் இதே முறைதான் இருந்தது. பொருளாதார அறிஞர்கள் குறையை எடுத்துக்காட்டிய பிறகு 2005இல் மாற்றினார்கள். புதிய முறையில் முதல் சுற்றில் யாருக்கும் இடம் உறுதியாவதில்லை. தற்காலிகமாகத்தான் வைத்திருப்பார்கள், அடுத்த சுற்றில் வருகிறவருக்கு முன்னுரிமை அதிகம் என்றால் இடம் அவருக்குப் போகும். அதனால் மனதில் இருப்பதை அப்படியே வரிசையாக எழுதுவதில் நஷ்டம் இல்லை. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் எழுதிய கணித யோசனை இதற்கு அடிப்படை. ஷாப்லிக்கும், அதைப் பள்ளிச் சேர்க்கைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. ஒரு படிவத்தில் பெற்றோரை உண்மையை எழுத வைக்க இவ்வளவு பெரிய மூளைகள் வேண்டியிருந்திருக்கின்றன.

இதில் பள்ளிகள் பெற்றோரைத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. தம் பிள்ளைக்கு எவ்வகைக் கல்வி என்று முடிவு செய்யும் முன்னுரிமை பெற்றோருக்கே என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 26ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் நான் வேலை பார்த்த பள்ளியில் பிள்ளையோடு அப்பா அம்மாவுக்கும் நேர்காணல் வைப்பார்கள். ஒரு கோப்பில் "பெற்றோர் ஒத்துழைப்பு சந்தேகம்" என்று எழுதியிருந்தது. அந்த அப்பா இரவு வேலை முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தார்; நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. சிலி நாட்டில் 1981 முதல், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறதோ அங்கே அரசுப் பணம் போகும் ஏற்பாடு இருந்தும், பள்ளிகள் இப்படிச் சலித்து எடுத்துக்கொண்டிருந்தன. மானியம் பெறும் பள்ளிகள் அப்படிச் சலிக்கக் கூடாது என்று 2015இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

தூங்கிவிட்ட அந்த அப்பா பிறகு எங்கேயோ கிடைத்த பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பார். கருத்துக்கணிப்பில் அவரும் "தேர்ந்தெடுத்த பெற்றோர்" கணக்கில்தான் வருவார்.

விலகிப் போகிறவர்களை யாருமே கேட்பதில்லை. மாற்றுச் சான்றிதழ் விண்ணப்பத்தில் காரணம் எழுத ஒரு வரி உண்டு. முக்கால்வாசிப் பேர் "சொந்தக் காரணம்" என்று எழுதுவார்கள். எழுதும்போதே என்னிடம் நிஜத்தைச் சொல்வார்கள்: வகுப்பில் ஒரு பையன் தினமும் அடிக்கிறான், கணக்கு ஆசிரியர் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார், பிள்ளை காலையில் வயிற்றுவலி என்று அழுகிறது. ஒரு பள்ளியைப் பற்றி நான் கேட்டதிலேயே உருப்படியான கருத்துகள் அவை. ஒன்றையும் எந்தக் கோப்பிலும் நான் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

சரி, எனக்கு வேண்டியது இதுதான். அடுத்த முறை இப்படி ஒரு கருத்துக்கணிப்பு போட்டால், கேட்ட கேள்வியை எழுத்து மாறாமல் பதிலோடு சேர்த்துப் போடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை உள்ளவர்கள் சொன்னதையும் இல்லாதவர்கள் சொன்னதையும் பிரித்துக் காட்டுங்கள். பள்ளி மாற்றியவர்களைத் தனியாகத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். கேள்வித்தாள் தயாரிக்க ஆள் வேண்டுமென்றால் நான் சும்மாதான் இருக்கிறேன். பள்ளி எத்தனை மணிக்கு விட்டால் உங்களுக்குச் சரிப்படும் என்பதை முதல் கேள்வியாக வைப்பேன்.

இப்படிக்கு,
சேர்க்கைப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வாசகி